டேப்பின் கடைசி மூன்று நிமிடம்

எங்கள் கடையில் காலி டேப் என்பது குற்றம். தொண்ணூறு நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த பாட்டுகள் நாற்பத்தொன்றில் முடிந்துவிட்டால் மீதி நாலு நிமிடத்தை நான் எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். "காசு குடுத்து வாங்குறவன் கடைசியில சூன்னு காத்து சத்தம் கேட்டா, கடைய பத்தி என்ன நெனப்பான்?" என்பார் முதலாளி. இதை அவர் வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வார். எனக்குக் காது புளித்துப் போயிருந்தது.

கடை மலாக்கா டவுனை ஒட்டிய பாச்சாங்கில் இருந்தது. ஒரு பக்கம் சாப்பாட்டுக்கடை, மறுபக்கம் மோட்டார் ரிப்பேர். நான் பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்துவிட்டு அங்கே பாட்டுப் பதிகிற வேலைக்குச் சேர்ந்தேன். அலோர் காஜா பக்கத்து எஸ்டேட்டிலிருந்து தினமும் பஸ். வீட்டு வாசலிலிருந்து கடை வாசலுக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகும். என் கையெழுத்து நன்றாக இருந்ததால்தான் வேலை கிடைத்தது. பதிந்து முடித்ததும் பாட்டுகளின் பெயரை உள்ளே வைக்கும் அட்டையில் எழுத வேண்டும். அதை அழகாக எழுதுவேன். மற்றபடி எனக்கு வாய் நீளம் என்று முதலாளி முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார்.

வேலைக்கு அனுப்ப அப்பா ஒருவர்தான் ஒத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டு. வயசுக்கு வந்த பெண்ணை எதற்கு மலாக்கா டவுனுக்கு அனுப்ப வேண்டும், பக்கத்தில் கையுறை ஃபேக்டரி இருக்கிறதே, அங்கே ஃபேக்டரி பஸ் வீட்டுக்கே வருமே. அப்பா பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர் பால் எடுக்கிற வேலை. அதிகம் பேசமாட்டார். "அவளுக்குப் புடிச்ச வேலைக்கு அவ போறா. யாருகிட்டயாச்சும் ஒரு சொல் கேட்டுக்கிட்டு வந்தா, அன்னைக்கு நிறுத்திக்கிறேன், போதுமா?" என்று எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னார். அந்த 'ஒரு சொல்' என் தலைக்கு மேலே எப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் எஸ்டேட் லயத்து வீட்டோடு முடங்க வேண்டியதுதான். மறு மாதமே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த ஆங்கிலக் கேசட் ஒரு பெட்டி நிறையச் சரக்கோடு வந்தது. முதலாளி எங்கோ மூடுகிற கடையிலிருந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்திருந்தார். இதன் அட்டை தண்ணீரில் நனைந்து மை கலைந்து, பாடியவள் பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஒரு பெண் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சமையலறை மாதிரி ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது. "இத எவன்லா வாங்குவான், தூக்கி ஓரமா போடு" என்றார் முதலாளி. ஓரமாகப் போடுவதற்கு முன் ஓடுகிறதா என்று பார்க்கலாமே என்று கடையின் இரண்டாவது டேப் டெக்கில் போட்டேன்.

முதல் பாட்டில் கிட்டாரும் அவள் குரலும் மட்டும். வேறு ஒன்றுமே இல்லை. நான் வளர்ந்தது வயலின்கள் கூட்டமாக ஓடி வருகிற பாட்டுகளில். இது என்னடா, பாதிச் சமையலில் இறக்கி வைத்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. ஆனால் கையை எடுக்க மனசு வரவில்லை. அவள் பாடவில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டே பக்கத்தில் நிற்கிறவளிடம் பேசுகிறாள். எதையும் நிரூபிக்க வேண்டிய அவசரம் அவளுக்கு இல்லை. எனக்கு அது புதிது. எங்கள் வீட்டில் பேசுகிற எல்லாருமே, நான் உட்பட, எதையாவது நிரூபித்துக்கொண்டுதான் இருப்போம்.

இரண்டாவது பாட்டில் பெரிய பேஸ் வாத்தியம் ஒன்று படி இறங்குகிற மாதிரி நடந்து வரும். டிரம்ஸைக் குச்சியால் அடிக்காமல் எதையோ வைத்துத் தேய்ப்பார்கள். முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் வரும். அது ஜாஸ் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நாலாவதில் ஒரு கிட்டார் இழுத்து இழுத்து அழும். கவ்பாய் படத்தில் வருகிற மாதிரி. பி பக்கத்தில் ஒரு பாட்டுக்கு ஆர்கன் வாசித்து, நாலு பெண்கள் பின்னாலிருந்து அவளைத் தாங்கிப் பிடிப்பார்கள். அதை மட்டும் திருப்பித் திருப்பி ஓட்டிக் கேட்பேன். ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு ஊர் என்றாலும் வீட்டுக்காரி அவள் ஒருத்திதான். என் ஆங்கிலத்துக்குப் பாதி வார்த்தைகள்தான் பிடிபட்டன. கெட்டில் கொதிக்கிறது, பஸ் போய்விட்டது, அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதையெல்லாம் ஒருத்தி பாட்டாக எழுதலாமா என்று ஆச்சரியப்பட்டேன். பஸ் போய்விட்டது என்று பாட்டெழுதுவதாக இருந்தால் நான் எத்தனை கேசட் போட்டிருக்க வேண்டும்.

அப்புறம்தான் என் புத்தி வேலை செய்தது. நிரப்ப வேண்டிய நிமிடங்கள் என் கையில் இருந்தன. சினிமாப் பாட்டுக் கேசட்டின் கடைசியில் மூணு நிமிடம் மீதமா, அவளைப் போடு. அட்டையில் எழுதமாட்டேன். ஒரு நாள் சாயங்காலம் அலோர் காஜா பஸ்ஸில் வீடு திரும்பும்போது டிரைவர் அண்ணன் என்னிடம் பதிந்து வாங்கிய கேசட்டைப் போட்டிருந்தார். காதல் பாட்டெல்லாம் முடிந்ததும் அவள் வந்தாள். பஸ் முழுக்க வேர்வையும் மீன் வாடையும், மேலே அவள் குரல். டிரைவர் அண்ணன் மாற்றாமல் விட்டுவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு, ஏதோ நானே பாடிய மாதிரி.

பெருமை மூன்று மாதம்தான். தெங்கேராவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருத்தி கேசட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தார். "நான் எழுதிக் குடுத்தது பதினாலு பாட்டு. பதினஞ்சாவதா ஒரு வெள்ளக்காரி வந்து அழுவுறா. யாருலா அவ? வேல செய்ற புள்ளைங்க எல்லாம் தூங்கி வழியுதுங்க!" முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்த அக்கா போன பிறகு அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு கம்ப்ளெய்ன் வந்துச்சுன்னா நீ ஊட்லயே இருந்துக்கலாம். புரியுதா?" என்றார்.

புரிந்தது. அன்றோடு நிறுத்திவிட்டேன். வாடிக்கையாளர் டேப்பில் அவள் வரவே இல்லை. மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், இரண்டாவது டெக்கில் போட்டு எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். அதோடு சரி.

எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மைக் செட் அப்பாவின் பொறுப்பு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர்தான். ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி அவர் இடுப்பில். வருஷம் முழுக்க வாய் திறக்காத மனுஷன், திருவிழா மூன்று நாளும் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று எஸ்டேட்டையே எழுப்புவார். செட்டை வேறு யாரும் தொடக்கூடாது. கோயில் தலைவரே தொடக்கூடாது. ஒரு தடவை ஒருத்தன் சத்தத்தைக் குறைக்கப்போய் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்றும் பேச்சு.

அந்த வருஷம் பழைய அம்மன் பாட்டுக் கேசட் தேய்ந்து இழுக்க ஆரம்பித்திருந்தது. வீட்டு கேசட் ரேடியோவில் பதிய முடியாது, பதிகிற சிவப்புப் பட்டன் உடைந்து பல வருஷம் ஆயிற்று. "கடையில ஒன்னு புதுசா புடிச்சிக்கிட்டு வாயேன். நல்ல டேப்பா பாத்து" என்று அப்பா என்னிடம் கேட்டார். அவர் என்னிடம் கேட்டு வாங்கிய முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

சாமி பாட்டு டேப்புகளுக்கு மட்டும் கடையில் தனி வழக்கம். மீதி இடத்தை நாதஸ்வரத்தால் நிரப்புவோம், அதற்கென்று ஒரு கேசட் டிராயரில் இருக்கும். திருவிழாவுக்கு முந்தின வாரம் சனிக்கிழமை, திருவிழாக் கூட்டம், ஆறு டேப் வரிசையில் நின்றது. அப்பாவுடையதைக் கடைசியில் எடுத்தேன். ஏ பக்கத்தில் மூணே முக்கால் நிமிடம் மீதி. இரண்டாவது டெக்கில் மத்தியானம் நான் கேட்ட கேசட் அப்படியே உட்கார்ந்திருந்தது. டிராயரைத் திறக்க வேண்டிய கை பட்டனை அமுக்கிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. ரெக்கார்டிங் ஓடும்போது சத்தத்தை அணைத்துவிட்டு அட்டையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன்.

வெளி ஆளுடையதாக இருந்தால் கடைசி நிமிடத்தை ஓட விட்டுக் கேட்டுப் பார்த்திருப்பேன். தையல் அக்கா வந்து போனதிலிருந்து ஒன்றையும் கேட்காமல் கொடுத்ததில்லை. இது அப்பாவுடையதுதானே என்று கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் இருந்தது.

திருவிழா முதல் நாள், வெள்ளிக்கிழமை காலை, கோயில் பின்னால் பெண்கள் எல்லாரும் அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அம்மன் பாட்டு மேலே முழங்கிக்கொண்டிருந்தது. டேப் புதுசு, சத்தம் கணீரென்று இருக்கிறது என்று அம்மா பக்கத்தில் இருந்தவர்களிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார். கடைசி அம்மன் பாட்டு முடிந்தது. ஒரு மூச்சு இடைவெளி. அப்புறம் கிட்டார்.

முதல் தட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் இருந்த பரங்கிக்காயைக் கீழே வைத்தேன். எட்டு ஹாரன் ஸ்பீக்கர் வழியாக, லயம், ஸ்டோர், ஆபீஸ், பால்மரக் காடு எல்லா இடத்திலும் அவள் கெட்டிலைப் பற்றிப் பாட ஆரம்பித்தாள்.

அப்பா செட்டுக்குப் பக்கத்தில் இல்லை. ஒரு ஹாரன் கரகரவென்கிறது என்று லயத்துக் கோடியில் பலா மரத்தில் ஏணி போட்டு ஏறியிருந்தார். செட்டைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். ஒருத்தர்கூடத் தொடவில்லை. தொடக்கூடாது என்று அத்தனை வருஷம் அவர்தானே மிரட்டி வைத்திருந்தார்! "யாராச்சும் நிறுத்துங்கப்பா!" என்று தலைவர் கத்துகிறார், "அவன் வரட்டும், அவன் வரட்டும்" என்று மற்றவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். பூசாரி கற்பூரத்தட்டோடு அப்படியே நிற்கிறார். சின்னப் பிள்ளைகள் ஆட ஆரம்பித்துவிட்டன. "யாருடி இவ, கோயில்ல வந்து தாலாட்டுறா?" என்று காய் நறுக்கிய அத்தை ஒருத்தர் கேட்டார். யாரோ சிரித்தார்கள். வேறு யாரோ, "சிரிக்காத, அம்மன் கோயில்ல இது என்ன அசிங்கம்" என்றார்கள்.

அப்பா வந்து சேர்வதற்குள் டேப் தானாகவே தீர்ந்தது. பாட்டு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், பாதி வரியில் டக்கென்று நின்றது. அந்த அமைதி பாட்டை விட மோசம்.

தலைவர் அப்பாவுக்குச் சொந்தம் இல்லை, ஆனாலும் நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர்தான். அன்று அவருக்குச் சாமி வந்த மாதிரி கோபம். "அந்தப் பாச்சாங் கடையில புடிச்ச டேப்புதானேலா இது? எடு, நாளைக்கே போயி கேக்குறேன். நம்ம சுத்து வட்டாரத்து கோயிலு டேப்பெல்லாம் அங்கதானே போவுது? ஒருத்தனும் இனிமே போவக்கூடாது!" என்றார். கடைப் பேர் போட்ட ஸ்டிக்கர் கேசட்டின் மேலேயே ஒட்டியிருந்தது.

அப்பா டேப்பை வெளியே எடுத்தார். யாருக்கும் காட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கட மேல தப்பு இல்ல. கடையில நல்லாத்தான் புடிச்சிக் குடுத்தாங்க. மிச்ச எடத்துல என்னாத்தயாச்சும் புடிக்கலாமேன்னு நான்தான் நேத்து ரேடியோவுல இருந்து புடிச்சேன். என்ன பாட்டுன்னு கேக்கல. என் தப்புதான்" என்றார். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அன்று சாயங்காலமே சாவி தலைவர் கைக்குப் போய்விட்டது. மீதி இரண்டு நாள் வேறொருவர் மைக்கில் "ஹலோ ஹலோ" சொன்னார்.

நான் வாயைத் திறக்கவில்லை. வாய் நீளம் என்று பேரெடுத்தவள், அன்று மட்டும் வாயில் கொழுக்கட்டை. வீட்டுக்கு வந்தும் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை பஸ் ஏறி வேலைக்குப் போனேன். முதலாளி, "திருவிழா எப்படி?" என்றார். "நல்லா நடந்துச்சு பாஸ்" என்றேன். எனக்கே என்மேல் காறித் துப்பலாம் போல இருந்தது.

ஒரு வருஷம் இப்படியே போனது. அப்பா வேலைக்குப் போவார், வருவார், தேத்தண்ணி குடிப்பார். இடுப்பில் சாவி இருந்த இடத்தை அவர் கை சில நேரம் தானாகத் தடவிப் பார்க்கும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். ஊர் முழுக்க அவரை, கோயில் டேப்பில் வெள்ளைக்காரி பாட்டைப் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, காரணம் நான். அந்தக் கேசட்டைக் கேட்பதையும் விட்டுவிட்டேன். ஆனால் கடையிலிருந்து கொண்டுவந்து கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

அடுத்த திருவிழா காலையில் பொறுக்க முடியாமல் நேராகத் தலைவரிடம் போனேன். கோயில் வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, போன வருசம் அந்தப் பாட்டு அப்பா புடிச்சது இல்ல. நான்தான். கடையில என் கை தப்பு. வேல போயிடும்னு பயந்து சும்மா இருந்துட்டேன்."

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் திரும்பினார். "அது தெரியும்லா."

"எப்படித் தெரியும்?"

"உங்க ஊட்டு ரேடியோவுல செவப்பு பட்டன் ஒடஞ்சு எத்தன வருசம் ஆச்சு? நான்தானே ஸ்க்ரூ டிரைவர வெச்சு நோண்டிப் பாத்தேன், முடியாதுன்னு கையில குடுத்தேன். அதுல எங்கருந்து அவன் பாட்டு புடிப்பான்? அங்க நின்ன பாதிப் பேருக்குத் தெரியும்."

எனக்கு வந்ததே கோபம். "தெரிஞ்சுக்கிட்டே ஏன் மாமா அவருகிட்ட இருந்து சாவிய வாங்குனீங்க?"

"நான் எங்க வாங்குனேன்? அவனா கொண்டாந்து குடுத்தான். 'யாரு மேலயாச்சும் தப்பு நின்னாத்தான் பேச்சு இதோட நிக்கும், இல்லாட்டி கட வரைக்கும் போவும். என் மேலயே நிக்கட்டும், சாவிய வெச்சிக்க'ன்னான். நான் வேணாம்லான்னேன். 'அவ பஸ் ஏறி போறத பாத்தாதான் எனக்கு வேலைக்குப் போவ மனசு வருது'ன்னான். அதுக்கு மேல நான் என்னா சொல்ல?"

அங்கேயே வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "போ போ, திருவிழா அன்னைக்கு அழுவாத" என்று தலைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வேண்டுமானால் அப்பாவை வந்து சாவியை வாங்கிக்கொள்ளச் சொல் என்றும் சொன்னார். அப்பா வாங்கிக்கொள்ளவில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி. நான் கேசட் போய் சிடி வரும் வரை அந்தக் கடையில்தான் இருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசற்படியில் உட்கார்ந்து, தூரத்து ஸ்பீக்கரில் வரும் அம்மன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். "பேஸ தூக்கி வெச்சிருக்கான் பாரு, மடையன்" என்றார்.

"அப்பா, நான் தலைவர் மாமாகிட்ட சொல்லிட்டேன்."

"என்னாத்த?"

"போன வருசத்து பாட்ட."

அப்பா படியில் கிடந்த செருப்பை நேராக்கி வைத்தார். "அதான் எல்லாருக்கும் தெரியுமே. அடங்குனத ஏன் போயி கெளப்புற" என்றார். பிறகு, எனக்குப் பதில் சொல்ல இடம் கொடுக்காமல், "ஆமா, அந்தப் பொம்பள பாட்டு பாதியில நின்னுடுச்சே. நான் ஹாரன் பக்கத்துல மரத்து மேல நின்னேன், காதுலயே பாடுனா. கடைசியில என்னாதான் ஆச்சு அதுல?" என்றார்.

உள்ளே போய்க் கைப்பையிலிருந்து கேசட்டை எடுத்து ரேடியோவில் போட்டேன். ஓட்டி ஓட்டி இடத்தைத் தேடி, நின்றுபோன வரிக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தேன். அப்பா எழுந்து வந்து ரேடியோவுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். மொத்தம் இருபது நொடி இருக்கும். அவள் அந்த வரியை முடித்தாள். கிட்டார் இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றது. அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான்ப்பா."

"இதுக்காடி என் மைக் செட்டு போச்சு?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். ஒரு வருஷம் கழித்து அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். "சரி, மொதல்ல இருந்து போடு."